பூட்டாத டிஸ்க்

எங்கள் கதவுப் பட்டறையில் பென்சில் என்று கூப்பிட்டால் ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்ப்பாள். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது அங்கே இருப்பது மறந்துபோய் மேசை, நாற்காலி, மரத்தூள் மூட்டை என்று தேடிக்கொண்டிருப்பாள். நாங்களும் வாயைத் திறக்க மாட்டோம். தேடிச் சலித்துத் தலையைச் சொறியும்போது தானாகக் கையில் தட்டுப்படும். அப்போது எங்களை ஒரு முறை முறைப்பாள். அன்றைய பொழுதுக்கு எங்களுக்கு அது போதும்.

நான் அங்கே பாலிஷ் போடுகிறவன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்து உப்புத்தாளைப் பிடித்த கை, இன்னும் அதை விடவில்லை. அதனால் அலங்காரமாக எழுத வராது. பென்சில் எப்படிப்பட்டவள், அவளுக்கு ஒருத்தன் என்ன செய்தான், அதற்கு அவன் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான், இதைத்தான் சொல்லப்போகிறேன். கடைசிப் பாகத்தைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வதாக இல்லை.

பட்டறையை வைத்தவர் அவள் அப்பா. அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் கல்யாணம் கட்டிக்கொண்டு பட்டறைக்கு மேலே இருக்கிற வீட்டிலேயே குடித்தனம் நடத்தினாள். இளையவள் பென்சில். அவளைப் பெண் கேட்டு வந்த ஒருத்தன், மரத்தூள் தனக்கு ஒத்துக்கொள்ளாது, பட்டறைப் பக்கம் போகக்கூடாது என்றானாம். அந்த ஆள்தான் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

கதவுக்குப் படம் வரைவது அவள் வேலை. அவள் வரைந்ததை மெஷின் பலகையில் செதுக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து வரைகிறவள் இல்லை. கதவு மாட்டப்போகிற வாசலைப் போய்ப் பார்ப்பாள். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கதவைத் தள்ளுகிற கை எந்த உயரத்தில் படுகிறது என்றெல்லாம் பார்ப்பாள். கண் தெரியாத ஒருவர் வீட்டுக்கு மேல் பாதியை வெறும் பலகையாக விட்டுவிட்டு, கைக்கு எட்டுகிற இடத்தில் மட்டும் கொடியும் காயுமாக இழைத்திருந்தாள். அந்த மனிதர் சாவி போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கதவைத் தடவிக்கொண்டு நிற்பார் என்று அவர் வீட்டுக்காரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாக் கதவிலும் ஒரு எறும்பு இருக்கும். இலைக்கு அடியிலோ காம்பின் ஓரத்திலோ ஏறிக்கொண்டிருக்கும். அரிசி அளவுதான். பலகைக்குள் குழிந்து செதுக்கியிருக்கும். அதுதான் அவள் கையெழுத்து. வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்துப் போன் செய்வார்கள். அந்தப் போனுக்காகவே அவள் உயிர் வாழ்கிறாள் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

இப்போது டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழைய மெஷினை ஓட்டியது லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர். மெஷினைக் கொண்டுவந்து மாட்டியவரே அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பென்சில் அதிலேயே வரையவும் பழகிக்கொண்டாள். பெட்டிக்குள் இடம் போதாமல் ஆனதும், வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்று வாங்கி, லினக்ஸ் முறையிலேயே ஃபார்மட் செய்து, அத்தனை படங்களையும் அதில் ஏற்றினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புச் சில்லு. இருபது வருடக் கதவுகள் அதற்குள்ளே கிடந்தன. நகல் கிடையாது. இன்னொன்றிலும் போட்டு வைத்தால் என்ன என்று நானே ஒரு தடவை கேட்டேன். கதவெல்லாம் வெளியே நின்றுகொண்டுதானே இருக்கிறது, அது போதாதா என்றாள்.

அப்பா இறந்துபோனார். அக்கா புருஷன் கீழே இறங்கி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரில் முதலாளி என்போம், முதுகுக்குப் பின்னால் சவுண்டு என்போம். பக்கத்தில் நிற்கிறவனோடு பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது குற்றமில்லை, எனக்குக்கூட ஒரு காலத்தில் தெரியாது. ஆனால் இவனுக்கு ஒரு வியாதி இருந்தது. மச்சினி எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்தாக வேண்டும். பலகை இன்னும் ஈரம் என்று அவள் சொன்னால் அன்றைக்கே அறுக்கச் சொல்வான். அந்தக் கதவு கோணிக்கொண்டு திரும்பி வரும். கீல் இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் மாட்டுவான். மழை வரும் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், குடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நனைந்துகொண்டு போவான்.

ஒரு கண்காட்சியில் எங்கள் கதவுகளை நிறுத்தியிருந்தோம். யார் வரைந்தது என்று வந்தவர்கள் கேட்க, எல்லாம் தன் கைதான் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிற்கிற பென்சில் யார் என்று கேட்டதற்கு, டைப் அடிக்கிற பொண்ணு என்றான். அவளுக்கு அப்போதே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்த எறும்பை எதற்காகப் போட்டீர்கள் என்று அவனையே கேட்டார். திருதிருவென்று விழித்தான். மரத்தில் இருக்கிற பழுது என்றான். பழுதுக்கு ஆறு கால் இருக்குமா என்று யாரோ கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பட்டறைக்குத் திரும்பியதும் என்னைத்தான் கூப்பிட்டான். பட்டறையில் இருக்கிற கதவு, இனி வரப்போகிற கதவு, ஊரில் ஏற்கெனவே மாட்டிய கதவு எதிலும் எறும்பு கண்ணில் படக்கூடாது, வீடு வீடாகப் போயாவது மக்கு வைத்து அடைத்துப் பாலிஷ் போடு என்றான். சரி என்றேன். மக்கு என்பது மரத்தில் ஓட்டை அடைக்கிற பசை, வைத்தால் கல்லாக இறுகிவிடும், பிறகு எறும்புக்கு விமோசனம் இல்லை. நான் மெழுகை உருக்கி, சாயம் கலந்து, அதை வைத்து அடைத்தேன். பார்க்க மக்கு மாதிரியே இருக்கும். ஒரு கோடை வெயில் முழுசாக அடித்தால் இளகி விழுந்துவிடும். பென்சில் பின்னால் வந்து நின்று என் கையையே பார்த்தாள். வெயில் வரட்டும்மா என்றேன்.

எறும்பே வரையாதே என்று அவளிடமும் சொல்லிப் பார்த்தான். அவள் அடுத்த கதவில் இரண்டு போட்டாள். அதோடு வெளியே போகச் சொல்லிவிட்டான். போகச் சொன்னதைக்கூட விடலாம். வாசலில் நிறுத்தி அவள் பையைப் பிடுங்கித் திறந்தான். குடை, சாப்பாட்டு டப்பா, டிஸ்க். டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்தான். டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டறைச் சொத்து என்றான். மாடி ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். தங்கை அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் சாத்திக்கொண்டது.

எனக்குக் கையிலிருந்த உப்புத்தாள் கசங்கிப்போனது. அன்றைக்கு முடிவு செய்தேன், இவன் கதறுவதைப் பார்க்காமல் இந்தப் பட்டறையை விட்டுப் போவதில்லை என்று.

பிறகு புது மெஷின் வந்தது. விண்டோஸ் போட்ட புதுக் கம்ப்யூட்டரும் கூடவே வந்தது. பழைய மெஷினை யாரோ ஒரு பட்டறைக்காரனுக்குத் தள்ளிவிட்டான். பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வா என்று என்னிடம் கொடுத்தான். நான் சாக்கைச் சுற்றி நேராகப் பென்சில் குடியிருந்த அறைக்குக் கொண்டுபோனேன். அவள் அப்போது ஒரு ஸ்டிக்கர் கடையில் வண்டி நம்பர் வெட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் துடைத்து, திரையை மாட்டி, ஓட விட்டாள். வெளிச்சம் வந்தது. டிஸ்க் செருகுகிற ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே, "வாய் இங்க இருக்கு, சோறு அங்க இருக்குண்ணே" என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. அதற்கென்று தனியாக ஏதாவது போட வேண்டும், இல்லையென்றால் லினக்ஸ் ஓடுகிற பெட்டியில் செருக வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அது சொல்லாதாம். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்குமாம். கேட்டதும் எனக்குச் சவுண்டு ஞாபகம்தான் வந்தது.

அதே மாதிரிதான் நடந்தது. ஒரு கான்ட்ராக்டர் ஒரு தெரு நீளத்துக்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பழைய கதவுகளைப் பார்த்தவர். வீட்டுக்கு ஒரு தினுசாக, அந்தக் கைவேலையிலேயே வேண்டும் என்றார். சவுண்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். டிஸ்க்கை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினான். ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. பிடுங்கினான். ஓட்டையில் வாயை வைத்து ஊதினான், துண்டால் துடைத்தான், வெயிலில் வைத்துச் சூடு காட்டினான், மறுபடி செருகினான். திரும்பவும் அதே கேள்வி. பூட்டிவிட்டாள், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டாள் என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தினான்.

கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் ஒருவர் வந்தார். டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துத் தருகிறேன் என்றார். எங்கள் தொழிலில் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. ஒரு படம் வெளியே போனால் மறுநாளே ஊரிலிருக்கிற எல்லா மெஷினும் அதையே செதுக்கும். படத்தைச் சுட்டு விற்க வந்தவன் என்று அவரை விரட்டிவிட்டான். சரி, இதிலேயே ஏதாவது போட்டுப் பார்க்கலாமா என்று அவர் வாசலிலிருந்து கேட்டதற்கும், புது மெஷினைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, உனக்கு ஏதாவது தெரியுமா என்றான். எனக்கு உப்புத்தாள்தான் தெரியும் முதலாளி என்றேன். எனக்கு எல்லாம் தெரியும். ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் டிஸ்க் திறந்திருக்கும், அவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு இன்னும் நூறு கதவு விற்றிருப்பான். நாக்கைக் கடித்துக்கொண்டு பலகையைத் தேய்த்தேன்.

கடைசியில் அக்காவை விட்டுத் தங்கைக்குப் போன் போடச் சொன்னான். அக்கா போனில் அழுதாளாம். பென்சில் வருகிறேன் என்றாள்.

அவள் வந்தபோது கான்ட்ராக்டரும் உட்கார்ந்திருந்தார். படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வந்தவர், அதற்கு முன்னால் வேறு ஒரு பேச்சை எடுத்தார். தன் வீட்டு வாசல் கதவில் இந்தக் கோடையில் ஒரு எறும்பு கிளம்பியிருக்கிறது, போன வருடம் அது இல்லை, தட்டிவிடப் பார்த்தால் மரத்தோடு மரமாக இருக்கிறது, அது என்ன என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அது மரத்தின் குணம் என்றான் சவுண்டு. மாடிப்படியில் அக்கா நின்றிருந்தாள். பென்சில் அவளைப் பார்க்காமல் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள். திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"பாஸ்வேர்டச் சொல்லு" என்றான்.

"பூட்டவே இல்ல மாமா. அது லினக்ஸ் டிஸ்க். இந்தக் கம்ப்யூட்டருக்கு அதப் படிக்கத் தெரியாது. பழைய பெட்டியில செருகினா தொறந்துக்கும்."

"அதான் காயலான் கடைக்குப் போயிடுச்சே."

"எங்க ரூம்ல இருக்கு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாலிஷே போட வேண்டாம், கதவு தானாகப் பளபளக்கும். பிறகு கான்ட்ராக்டரைப் பார்த்து, "கேட்டீங்களா சார், டிஸ்க்க இவ ரூமுக்குக் கொண்டு போகணுமாம். போனா திரும்பி வருமா?" என்று சிரித்தான்.

தானே பெட்டியை இங்கே தூக்கி வருவதாக அவள் சொன்னாள். இரண்டே விஷயம்தான் கேட்டாள். எறும்பை யாரும் தொடக்கூடாது, யார் வரைந்தது என்று கேட்டால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டர் இதில் என்ன கஷ்டம் என்கிற மாதிரி அவனைப் பார்த்தார். அவனுக்கு அந்தப் பார்வைதான் சுட்டது. பட்டறை யாருடையது, முதலாளி யார் என்று ஆரம்பித்து நிறைய கத்தினான். கத்திக்கொண்டே மௌஸைப் பிடித்தான்.

அப்போது பென்சில் ஒன்று சொன்னாள். கெஞ்சவில்லை. பலகை ஈரம் என்று சொல்வாளே, அதே குரல்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, அத மட்டும் அழுத்தாதீங்க. ஃபார்மட் பண்ணா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்."

சவுண்டு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். பிடித்துவிட்டேன் என்கிற வெளிச்சம். "எங்க பயம் வருதுன்னு தெரிஞ்சு போச்சு" என்று சொல்லி அழுத்தினான். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கம்ப்யூட்டரும் ஒரு தடவை கேட்டது. அவன் பெரிதாகச் சிரித்து, அதற்கும் இவளே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்றான். மறுபடி அழுத்தினான்.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது. அது ஓடி முடிகிற வரைக்கும் பென்சில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கண் இமைக்கவில்லை.

டிஸ்க் திறந்தது. "தொறந்துடுச்சு" என்று அவன் எழுந்தே நின்றுவிட்டான். எங்கே காட்டுங்கள் என்று கான்ட்ராக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளையாக இருந்தது. அவன் அங்கே அழுத்தினான், இங்கே அழுத்தினான். வெள்ளை. நேற்று சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு பொட்டுகூட இல்லாமல் இருந்தது.

அப்போதும் அவள் விடவில்லை. இனி அதில் எதையும் போடாதீர்கள், போடாமல் வைத்தால் கொஞ்சமாவது தோண்டி எடுக்க வழி இருக்கிறது என்றாள். அதையும் உண்மையாகத்தான் சொன்னாள். டிஸ்க் கெடவில்லை என்று காட்டுவதற்காக அவன் உடனே தன் கண்காட்சி வீடியோக்களை எடுத்து அதில் கொட்டினான். தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு நின்ற வீடியோக்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தான். அதற்குப் பிறகு வெகுநேரம் அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. அவன் குரல் இல்லாமல் அந்தப் பட்டறை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். காதுக்கு அவ்வளவு சுகம்.

கான்ட்ராக்டர் எழுந்தார். பென்சிலிடம், "அந்த எறும்பு உங்களோடதா?" என்றார். ஆமாம் என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவனிடம் ஒன்றும் சொல்லாமலே போனார். மாடிப்படியில் இருந்த அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்த் தெருவில் பென்சிலை எட்டிப் பிடித்தேன். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். பிறகு நான்தான் கேட்டேன், அவன் அழுத்துவான் என்று தெரிந்துதானே சொன்னாய் என்று.

"நான் உண்மையத்தானே சொன்னேன்" என்றாள். பிறகு அவளே, "அழுத்துங்க மாமா, ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா எல்லாம் பொழைச்சிருக்கும்ணே" என்றாள்.

கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள். அன்றைக்குத் தேடவில்லை. இரண்டாக உடைத்துக் கீழே போட்டாள். பஸ் வந்தது. ஏறாமல் நின்றாள். இன்னொன்றும் வந்து போனது. இருபது வருடத்தைக் கொடுத்து அவனை வீழ்த்தியிருக்கிறாள். கூடவே நின்றேன்.

இது முடிந்து இரண்டு கோடை போய்விட்டது. அந்தத் தெரு முழுவதற்கும் கதவுகள் இப்போது எங்கள் பழைய மெஷினை வாங்கிய பட்டறையில் செதுக்குகிறார்கள். அந்த லினக்ஸ் பெட்டியைப் பென்சில் கொண்டுபோய் அந்த மெஷினில் மாட்டிவிட்டாள். மெஷினும் பெட்டியும் மறுபடி சேர்ந்துவிட்டன. அங்கே வரைவதும் அவள்தான், எறும்பை இப்போது கொஞ்சம் பெரிதாகவே போடுகிறாள்.

என்னை அவன் அன்றே துரத்தியிருப்பான். வேறு பாலிஷ்காரன் கிடைக்கவில்லை, அதனால் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டான். எனக்கும் அங்கே வேலை பாக்கி இருந்தது. வெயில் ஏற ஏற ஊரிலிருக்கிற கதவுகளிலெல்லாம் மெழுகு இளகி எறும்புகள் கிளம்புகின்றன. வீட்டுக்காரர்கள் அவனுக்குப் போன் செய்கிறார்கள். போய் அடைத்துவிட்டு வா என்று பஸ் காசு கொடுத்து என்னைத்தான் அனுப்புகிறான். நான் போகும்போது பென்சிலும் வருகிறாள், உதவியாள் என்று சொல்லிக்கொள்கிறோம். நான் ஊசியால் மிச்ச மெழுகைக் கிளறி எடுத்து, எறும்புக்குக் கறுப்பு மெருகு ஏற்றி, இப்போதுதான் ஏறி வந்த மாதிரி ஆக்கிவிடுகிறேன். அவள் கதவின் மேல் தாளை விரித்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கிறாள். இலை, கொடி, காய் எல்லாம் தாளில் எழும்பி வருகிறது. அழிந்துபோனதை அவன் காசிலேயே பஸ் ஏறிப் போய் அள்ளிக்கொண்டு வருகிறோம். எல்லாம் கிடைக்காது. சில கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், சிலர் வீட்டையே இடித்துவிட்டார்கள். சில கதவைப் பார்த்துவிட்டு, இது நன்றாக இல்லை, போனது போகட்டும் என்று அவளே தாளைச் சுருட்டிக்கொள்கிறாள்.

ஒரு கதவுக்கு மட்டும் அவள் வர முடியாது. பட்டறைக்கு மேலே இருக்கிற வீட்டு வாசல் கதவு. அப்பாவுக்காக அவள் முதன்முதலில் வரைந்தது, முதல் எறும்பும் அதில்தான். சவுண்டு தினமும் அதைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அங்கேயும் எறும்பு முதல் கோடையிலேயே கிளம்பிவிட்டது, அவன் இப்போதுதான் குனிந்து பார்த்திருக்கிறான். போன வாரம் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, இதற்கு ஒரு முடிவு கட்டு என்றான். உள்ளேயிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சிலிடம் கற்றதை அன்றைக்கு நானும் செய்து பார்த்தேன். அவன் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "மெழுகு வேணாம் முதலாளி, வெயில்ல விழுந்துடும். மக்குதான் நிக்கும்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? மெழுகையே போடு."

போட்டிருக்கிறேன். அந்த வாசலுக்கு வெயில் நேராக விழும்.